ஆட்டிச நிலையாளர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லையா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வயது மகன், ஆட்டிச நிலையாளன். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும் ஜோக்குக்கு அவன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து "செவ்வகம்" என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கண்ணில் நீர் வரும்வரை சிரிக்கிறான். "இவங்களுக்கு ஹ்யூமர் சென்ஸே கிடையாது, எதிர்பார்க்காதீங்க" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார். இவனுக்கு நகைச்சுவை உணர்வு வருமா என்று கேட்கிறீர்கள்.

வந்துவிட்டது. அந்தச் செவ்வகம்தான் அது.

பதினான்கு வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். இங்கே சொல்லப்போவதில் பாதி படித்தது, பாதி பிள்ளைகளிடம் பட்டுத் தெரிந்துகொண்டது. பட்டதில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தப்பு என்னுடையது.

ஏழு வயதுப் பையன், பேச்சு வரவில்லை. டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொட்டால் அது அந்தச் சொல்லைக் குரலில் சொல்லும். அப்படித்தான் பேசப் பழகிக்கொண்டிருந்தான். நான் பூனைப் படத்தைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்பேன். முதல் மாதம் ஒழுங்காகப் "பூனை" வந்தது. இரண்டாவது மாதம் "மாடு" என்று வர ஆரம்பித்தது. தாளில் தவறு என்று குறித்தேன். மறுநாளும் மாடு. மூன்று வாரம் மாடு. கற்றது கையைவிட்டு நழுவுகிறதே என்று அவன் அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். பிறகு ஒருநாள் பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு நிமிரும்போதுதான் பார்த்தேன்: அவன் படத்தைப் பார்க்கவே இல்லை. டேப்லெட் "மாடு" என்று சொன்ன நொடியில் ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்க்கிறான். நான் உதட்டைச் சுழிக்கிறேன். அவன் தோள் குலுங்குகிறது.

"மாடா? சரி, அப்ப பால் கறந்துடலாம்" என்று பூனைப் படத்துக்கு அடியில் கையை வைத்துக் கறப்பதுபோல் காட்டினேன். நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உருண்டு சிரித்தான். என் தாளில் இருந்த மூன்று வாரத் தவறுகளும் ஒரே ஜோக். அதை அவன் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான், கேட்கத்தான் ஆள் இல்லை.

"இவர்களுக்கு நகைச்சுவை கிடையாது" என்ற பேச்சுக்கு எண்பது வயதாகிறது. ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் 1944-ல் வியன்னாவில் எழுதிய கட்டுரையிலேயே அது இருக்கிறது: இந்தக் குழந்தைகளுக்கு ஜோக் புரிவதில்லை, அதுவும் தங்களைக் குறிவைத்துச் சொன்னால் சுத்தமாகப் பிடிப்பதில்லை என்று. வேடிக்கை என்னவென்றால் அதே கட்டுரையில், இவர்களில் சிலருக்குச் சொல் விளையாட்டு அபாரமாக வருகிறது என்றும் எழுதியிருக்கிறார். வெறும் ஓசை விளையாட்டிலிருந்து கச்சிதமான, கூர்மையான நகைச்சுவை வரைக்கும் அவர் பார்த்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் முதல் வரியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை அங்கேயே விட்டுவிட்டார்கள். (தங்களைக் குறிவைத்த ஜோக்கை எந்தக் குழந்தை ரசிக்கும் என்ற கேள்வி அவருக்குத் தோன்றியதா, தெரியாது. எனக்குத் தோன்றுகிறது.)

ஜோக் என்பது மண்டைக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்தால் உங்கள் மகனின் கதை விளங்கும். ஜெர்ரி சல்ஸ் என்ற உளவியலாளர் 1972-ல் சொன்ன விளக்கம் இன்றைக்கும் பயன்படுகிறது. எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறு. அந்த முரண் முதலில் கண்ணில் பட வேண்டும். அப்புறம், "ஓகோ, இப்படி வைத்துப் பார்த்தால் பொருந்துகிறதே" என்று முடிச்சு அவிழ வேண்டும். அவிழும் இடத்தில் சிரிப்பு. முரணைக் கண்டுபிடிக்கும் வேலையில் ஆட்டிச நிலையாளர்கள் பின்தங்கியவர்களே இல்லை. ஒழுங்கையும் அதில் விழும் கீறலையும் நம்மைவிடச் சீக்கிரம் பார்ப்பவர்கள் நிறைய. ஆனால் முடிச்சை அவிழ்க்க எது தேவை என்பது ஜோக்குக்கு ஜோக் மாறும்.

"ஆறு எங்கே தொடங்குகிறது?" "ஐந்து முடிகிற இடத்தில்." இதை அவிழ்க்க ஆறு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் தெரிந்தால் போதும். யார் மனதிலும் நுழைந்து பார்க்க வேண்டியதில்லை. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் இந்த ரகத்தில் மன்னர்கள். படி, மாலை, திங்கள் என்று ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால் போதும், நாம் களைத்துவிடுவோம்.

இப்போது இதைப் பாருங்கள். ஒருவர் நண்பருக்குப் பிறந்தநாள் பரிசு கொடுக்கிறார். நண்பர் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "ரொம்ப அழகா இருக்கு. நான் உனக்குக் கொடுத்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சு." சிரிப்பதற்குள் எத்தனை படி ஏற வேண்டும் என்று எண்ணுங்கள். கொடுத்தவர் தனக்கு வந்த பரிசையே திருப்பித் தள்ளிவிடுகிறார். அது யார் கொடுத்தது என்பதை மறந்துவிட்டார். நண்பருக்குத் தெரியாது என்று நினைக்கிறார். இவருக்குத் தெரியும். தெரியும் என்பதைப் பாராட்டுபோல் சுற்றிச் சொல்கிறார். மற்ற பிள்ளைகள் இதைப் படியேறுகிற உணர்வே இல்லாமல் அரை நொடியில் தாண்டிவிடுகிறார்கள். உங்கள் மகன் ஒவ்வொரு படியாக, யோசித்து ஏறுகிறான். அவன் மேலே போய்ச் சேரும்போது வகுப்பு சிரித்து முடித்து அடுத்த பேச்சுக்குப் போயிருக்கும். பல பிள்ளைகள் ராத்திரி படுக்கையில் திடீரென்று சிரிப்பதாகப் பெற்றோர் சொல்வார்கள். விசாரித்தால் மத்தியானம் கேட்ட ஜோக்.

ஆய்விலும் இதே கதைதான். ஆண்ட்ரியா சாம்சன் என்ற ஆய்வாளரும் அவரது சகாவும் 2010-ல் ஒரு சோதனை செய்தார்கள். சொல்லே இல்லாத கேலிச்சித்திரங்கள். சிலவற்றில் வேடிக்கை வெறும் உருவ ஒற்றுமையில். சிலவற்றில் பாத்திரத்தின் மனதில் ஓடுவதைப் பிடித்தால்தான் வேடிக்கை. முதல் வகையில் ஆஸ்பெர்கர் நிலையாளர்களுக்கும் (பேச்சு தாமதமாகாத ஆட்டிச வகைக்கு அப்போது இருந்த பெயர்) மற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டாவதில் தெரிந்தது. அப்படியானால் "நகைச்சுவை புரியாது" என்ற தீர்ப்பு எந்த ஜோக்கை வைத்து எழுதப்பட்டது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

சிரிப்பைப் பற்றிய இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. வில்லியம் ஹுடென்கோவும் சகாக்களும் 2009-ல் குழந்தைகளின் சிரிப்பொலியைப் பதிவுசெய்து அலசினார்கள். நாம் சிரிப்பதில் இரண்டு வகை உண்டு: தொண்டையிலிருந்து குரல் எழும்பும் சிரிப்பு, மூக்காலோ மூச்சாலோ "ஹ்ம்" என்று விடும் சிரிப்பு. இரண்டாவது பெரும்பாலும் மரியாதைக்கு. மேலதிகாரி ஜோக் சொன்னால் வருமே, அது. ஆட்டிசம் இல்லாத குழந்தைகளிடம் இரண்டும் இருந்தன. ஆட்டிச நிலைக் குழந்தைகளிடம் கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் குரல் சிரிப்பு மட்டும். சிரிப்பு வந்தால்தான் சிரிக்கிறார்கள் என்று இதை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு 2012-ல் இந்தச் சிரிப்புகளை, யாருடையது என்று சொல்லாமல் மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, கேட்டவர்களுக்கு ஆட்டிசக் குழந்தைகளின் சிரிப்புதான் அதிகம் பிடித்திருந்தது. எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு முறை கேட்டுவிட்டால் நம் மரியாதைச் சிரிப்பு காதில் உறுத்த ஆரம்பித்துவிடும்.

ஆனால் ஒரு வித்தியாசம் நிஜமாகவே உண்டு, அதை மறைக்க மாட்டேன். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் வாசுதேவி ரெட்டி 2002-ல் பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளை ஆராய்ந்தார்: ஒரு பக்கம் ஆட்டிசக் குழந்தைகள், மறுபக்கம் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள். சிரிப்பில் குறை இல்லை. ஆனால் யாராவது முகத்தைக் கோணிக் காட்டினால் சிரிப்பது, பக்கத்தில் ஒருவர் சிரித்தால் திரும்பிப் பார்த்துச் சேர்ந்துகொள்வது, மற்றவர்களைச் சிரிக்கவைக்கக் கோமாளித்தனம் செய்வது ஆகியவை ஆட்டிசக் குழந்தைகளிடம் குறைவு. பார்ப்பவருக்குக் காரணமே தெரியாத இடத்தில் சிரிப்பது அதிகம். அதாவது வேடிக்கை இருக்கிறது. அதைச் சேர்ந்து ரசிப்பதில்தான் தாளம் தப்புகிறது. உங்கள் மகன் தனியாகச் சிரிப்பதும் இதுதான்.

தாளம் தப்புவதற்கு ஒரு பக்கம் மட்டும் காரணம் என்று வைத்துக்கொள்ள முடியாது. தாமே ஆட்டிச நிலையாளரான டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர் 2012-ல் இதை "இரட்டைப் பரிவுச் சிக்கல்" என்றார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கும் அவர்களைப் புரியவில்லை. சிக்கல் நடுவில் இருக்கிறது. கேத்தரின் க்ராம்ப்டனின் குழு 2020-ல் 72 பேரை வைத்து, கதையை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்தும் விளையாட்டை நடத்தியது. ஆட்டிச நிலையாளர்கள் மட்டும் இருந்த வரிசை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசைக்கு இணையாகக் கதையைக் கொண்டுசேர்த்தது. இரு தரப்பும் கலந்திருந்த வரிசையில்தான் கதை வழியில் அதிகம் சிந்தியது. பின்னர் இன்னும் நிறையப் பேரோடு திரும்பச் செய்தபோது கலப்பு வரிசையும் பின்தங்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் "இவர்களால் தகவலைக் கொண்டுசேர்க்க முடியாது" என்பது இரண்டு முறையும் வரவில்லை. நகைச்சுவையை வைத்து நடந்த ஆய்வு இல்லை இது. ஆனால் என் அறையில் இரண்டு ஆட்டிசப் பிள்ளைகள் மின்தூக்கியின் அறிவிப்புக் குரலை மாற்றி மாற்றிச் சொல்லி ஒரு மணி நேரம் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் ஜோக் புரியாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்.

சொன்னதையே சொல்வதைப் பற்றி எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். கார்ட்டூன் வசனம், விளம்பர வரி, ஒரே புதிர் நானூறு முறை. "போன வாரமே சொல்லிட்டியேடா" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். நமக்கு எதிர்பாராதது வேண்டும். அவர்களில் பலருக்கு, எதிர்பாராதது ஒன்று சரியாக எதிர்பார்த்த இடத்தில் வந்து விழுவதுதான் சுகம். நாளெல்லாம் அடுத்து என்ன வருமோ என்று பதைத்தே கழிக்கிற பிள்ளைக்கு, என்ன வரும் என்று உறுதியாகத் தெரிந்த ஜோக் ஒரு நாற்காலி மாதிரி. உட்கார்ந்துகொள்கிறான். மனப்பாடமாகத் தெரிந்த காமெடிக் காட்சிக்காக நாமும் சானலை மாற்றாமல் இருக்கிறோமே, அதே சுகம்தான், அளவு கொஞ்சம் கூட.

இன்னொரு விஷயம், சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது. "ஒரு நிமிஷம் இரு" என்றால் அறுபது வரை எண்ணிவிட்டு வந்து நிற்பார்கள். பத்து வயதுப் பையன் ஒருவனிடம் ஓர் ஆசிரியை, "உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தியிருக்கிறார். "நாலு தடவை" என்றான். எண்ணியிருக்கிறான், உண்மையான தகவல். வாய்க்கொழுப்பு என்று வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். எனக்குச் சுவாரஸ்யம் அதற்கு அப்புறம் நடந்தது. ஏன் வெளியே நின்றோம் என்று அவன் பல நாள் யோசித்திருக்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது, பதில் சொன்னால் பெரியவர்கள் முகம் விநோதமாக மாறுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். ஒரு வருடம் கழித்து என்னிடம் வகுப்பில், நான் அலுத்துப்போய் அதே கேள்வியைக் கேட்டபோது, "பதினேழு" என்றான். சொல்லிவிட்டுக் காத்திருந்தான். அந்தக் காத்திருப்புதான் அடையாளம். முதல் முறை அவன் பதில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். இந்த முறை என் முகத்தைப் பார்த்தான். தெரியாமல் விழுந்த குழியை ஒரு வருடத்தில் விளையாட்டு மைதானமாக ஆக்கியிருந்தான்.

பெரியவர்களான ஆட்டிச நிலையாளர்கள் இதை எங்கேயோ கொண்டுபோய்விடுகிறார்கள். முகத்தில் அசைவு குறைவு, குரலில் ஏற்ற இறக்கம் குறைவு என்று மருத்துவக் குறிப்பில் குறையாக எழுதுகிறோமே, மேடையில் அதற்குப் பெயர் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு ஜோக் அடிப்பது. பயிற்சி எடுத்து வரவழைக்கிறவர்கள் உண்டு. என்னிடம் சிறுவயதில் வந்த பெண் ஒருத்தி, இப்போது அலுவலக வேலையில் இருக்கிறாள், சொன்னாள்: "எனக்குக் கிண்டல் புரியாதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. அதனால நான் எதைச் சொன்னாலும் நிஜம்னு நம்பிடறாங்க. ரொம்ப வசதியா இருக்கு." எனக்கு அன்று முழுவதும் சிரிப்பு அடங்கவில்லை. அவள் சொன்னதில் எது நிஜம் என்ற சந்தேகமும்.

ஆஸ்திரேலியாவின் ஹன்னா கேட்ஸ்பி, ஸ்காட்லாந்தின் ஃபெர்ன் பிரேடி இருவரும் தாங்கள் ஆட்டிச நிலையாளர்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன மேடை நகைச்சுவைக் கலைஞர்கள். அமெரிக்காவில் உறுப்பினர்கள் எல்லோருமே ஆட்டிச நிலையாளர்களான "ஆஸ்பெர்கர்ஸ் ஆர் அஸ்" என்ற நகைச்சுவைக் குழுவே இருந்தது. சொல் விளையாட்டும் அபத்தமும்தான் அவர்கள் சரக்கு, தங்கள் நிலையை வைத்து ஜோக் அடிப்பது இல்லை. இவர்களுக்கு மேடை ஒத்துவருவதில் எனக்கு வியப்பில்லை. அரட்டையில் யார் எப்போது பேசலாம், எப்போது சிரிக்கலாம் என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். மேடையில் சட்டம் தெளிவு: நான் பேசுவேன், நீங்கள் சிரிப்பீர்கள்.

சரி, வலிக்கும் பகுதிக்கு வருகிறேன். சாம்சனும் சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பெர்கர் நிலையாளர்களில் 45 சதவீதம் பேருக்கு, மற்றவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயம் சிறிதளவாவது இருந்தது. ஒப்பிட்ட மற்றவர்களில் அது 6 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்த பிறகு, "ஜோக்குக்கு ஏன் சிரிக்க மாட்டேங்கிறான்" என்று கேட்கவே எனக்குக் கூசுகிறது. சின்ன வயதிலிருந்து எந்தச் சிரிப்பு தன்னோடு, எந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்து என்று பிரிக்க முடியாமல் அடிபட்ட பிள்ளை, சிரிப்புச் சத்தம் கேட்டாலே உடம்பை இறுக்கிக்கொள்கிறான். வகுப்பில் அந்த அசையாத முகத்துக்குப் பின்னால் ஜோக் புரியாதது மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்து என்று ஒரு முறை விசாரியுங்கள்.

கேலியைக் கண்டுபிடிக்க நான் பிள்ளைகளுக்கு முகபாவப் படங்கள் காட்டுவதை விட்டுவிட்டேன். நிஜ முகம் படம் மாதிரி நிற்பதில்லை. பதிலாக இரண்டே கேள்வி: நீயும் சிரித்தாயா? நிறுத்து என்றதும் நிறுத்தினார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் கிண்டல், இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவதற்கு இல்லை என்றால் பெரியவர்களிடம் வா. கிண்டல், கேலி, நக்கல், நையாண்டி என்று நம் மொழியில் இதற்குச் சொல் ஏராளம், எல்லையோ யாருக்கும் சரியாகத் தெரியாது. பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வீட்டில் வஞ்சப்புகழ்ச்சியைக் குறையுங்கள். "ரொம்ப நல்ல வேலை பண்ணினே போ" என்று திட்டினால் அவனுக்குக் கிடைப்பது பாராட்டு, அதோடு உங்கள் முகத்தில் ஏன் கோபம் என்ற குழப்பம். விளையாட்டாகச் சொல்லும்போது "சும்மா சொன்னேன்" என்று சேர்த்துவிடுங்கள். ஜோக் கொஞ்சம் செத்துப்போகும், பரவாயில்லை.

பொருந்தாத இடத்துச் சிரிப்பைப் பற்றி ஒன்று. திட்டும்போது சிரித்தால் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதற்றம் பல பிள்ளைகளுக்குச் சிரிப்பாகத்தான் வெளியே வரும். ஆனால் சிரிப்பு சட்டென்று தொடங்கி, ஒவ்வொரு முறையும் அச்சுப்போல ஒரே மாதிரி இருந்து, அந்த நேரம் பார்வை வெறித்து, கூப்பிட்டாலும் திரும்பாமல், முகத்தில் மகிழ்ச்சியே இல்லாமல் சில நொடியில் நின்றால், வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிரிப்பாக வரும் வலிப்பு ஒன்று உண்டு. அரிதானது, ஆனால் ஆட்டிசத்தோடு வலிப்பு நோய் சேர்ந்து வருவது அரிதில்லை. நீங்கள் விவரித்த சிரிப்பு அப்படி இல்லை. அவன் சொல்லைச் சொல்கிறான், அப்புறம் சிரிக்கிறான், கேட்டால் திரும்பிப் பார்க்கிறான்.

ஆகவே செவ்வகத்துக்கு வருவோம். சத்தமாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். "செவ்" என்று உதடும் பல்லும் உரசிக்கொண்டு தயங்கி நிற்கிறது, அப்புறம் "வகம்" என்று தடாலென்று விழுகிறது. நான்கு மூலையும் நேராக வைத்துக்கொண்டு இவ்வளவு கம்பீரமாக நிற்கிற உருவத்துக்கு இப்படி ஒரு பெயர். ஐந்தாவது தடவை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவனை நிறுத்தாதீர்கள், விளக்கமும் கேட்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள், முகத்தை உற்றுப் பார்க்க வேண்டாம். அவன் அடுத்த முறை "செவ்வகம்" என்றதும், கொஞ்சம் இடைவெளி விட்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "சரிவகம்" என்று சொல்லுங்கள். தப்பு என்று திருத்துவான், அல்லது எழுந்து போய்விடுவான், அல்லது ஒன்றுமே நடக்காது. மறுநாளும் சொல்லுங்கள். அந்த டேப்லெட் பையனின் மாடு புரியாமல் நான் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன், நீங்களும் ஒரு வாரம் பொறுக்கலாம். ஒருநாள் "செவ்வகம்" என்று சொல்லிவிட்டு அவன் சிரிக்காமல் காத்திருந்தால், அது உங்கள் முறை.